மருந்துக்கு அட்டை உண்டு, தாயின் நாட்கூலிக்கு?

சுடுகாட்டு மல்லி என்றொரு செடி உண்டு, கண்டிருப்பீர்கள். விருதுநகர், இராமநாதபுரம், தூத்துக்குடிச் சீமைகளின் வானம் பார்த்த பூமியிலே, நீர் ஊற்றுவார் இன்றி நின்று, ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். ஆடு கடிக்காது, மாடு மேயாது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலே மல்லிகைக்கு மகுடம் சூட்டுகிறார்கள். இதற்கோ மூலையிலும் இடமில்லை. இடுகாட்டு மேடுகளிலே மண்டி வளர்வதால் இந்தப் பெயர். நித்தியகல்யாணி என்ற நல்ல பெயரும் அதற்கு உண்டு. அந்தச் செடியிலிருந்து வடித்தெடுப்பதுதான் வின்கிறிஸ்டின் எனும் மருந்து. 1960-களில் தொடங்கி இன்றுவரை, இரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்கு உலகெங்கும் ஏற்றப்படும் மருந்துகளிலே முதல் வரிசையில் நிற்பது அது. சுடுகாட்டின் பெயரைத் தாங்கிய செடி, சுடுகாட்டுப் பாதையிலே போய்க்கொண்டிருந்த பிள்ளைகளைக் கைபிடித்து இழுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைத்திருக்கிறது!

செடி நம் மண்ணிலே விளைகிறது. தென்மாவட்டத்து உழவர்கள் அதைப் பயிராகவே இட்டு, இலையும் வேருமாக விற்கிறார்கள். மருத்துவமும் நம் ஊருக்கு வந்துவிட்டது. மதுரையிலே அரசு இராஜாஜி மருத்துவமனை நிமிர்ந்து நிற்கிறது. பாலரெங்காபுரத்திலே மண்டலப் புற்றுநோய் மையம் இயங்குகிறது. செடியும் உண்டு, மருந்தும் உண்டு, மருத்துவரும் உண்டு. பின் ஏன் தோழரே, சில பிள்ளைகள் சிகிச்சையைப் பாதியிலே விட்டுவிட்டு, தாயின் தோளிலே சாய்ந்தபடி ஊர்ப் பேருந்து ஏறுகிறார்கள்? இந்த ஒரு கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

புற்று என்ற சொல்லைத் தமிழகம் ஒரே குரலில் உச்சரித்து அழுத நாள் ஒன்று உண்டு. 1969-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3-ஆம் நாள். அறிஞர் அண்ணாவை நம்மிடமிருந்து பறித்த நோய் அது. 1968-இல் கடல் கடந்து நியூயார்க் சென்றார்; அறுவை மருத்துவம் கண்டார்; திரும்பினார்; அடையாற்றிலே கண் மூடினார். அன்று அந்த மருத்துவமனை வாயிலிலே ஒரு நாடே காத்துக் கிடந்தது. அன்று முதல் நம் மக்கள் மனத்திலே புற்று என்றால் முடிவு என்று பதிந்துவிட்டது. பெரியவர்க்கு வரும் புற்றைப் பற்றிப் பேசும்போது புகையிலை, பீடி, வெற்றிலைப் பாக்கு என்று காரணம் சொல்கிறோம். மழலைக்கு வரும் புற்றுக்கு அப்படிக் காரணம் சொல்ல இயலாது. அந்தப் பிள்ளை பீடி பிடித்ததா? தாய் செய்த பாவமா? குலதெய்வத்தின் கோபமா? எதுவும் இல்லை. உயிரணு ஒன்று வளரும் வழி தவறிப் பெருகிவிடுகிறது, அவ்வளவுதான். பரிகாரம் தேடி மலையேறும் நாட்களிலே நோயும் ஏறிக்கொண்டிருக்கும் என்பதை மட்டும் இங்கே சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

குழந்தைப் புற்று பெரும்பாலும் தீரக்கூடிய நோய். இதை மேடைக்கு மேடை முழங்க வேண்டும் என்பது என் ஆசை. ஆண்டுக்கு ஏறத்தாழ 4 இலட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் உலகிலே இந்நோய்க்கு ஆளாகிறார்கள் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். செல்வம் கொழிக்கும் நாடுகளிலே அவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். ஏழை நாடுகளிலும் இடைநிலை நாடுகளிலும் நூற்றுக்கு 30 பேர்கூடத் தேறுவதில்லை. நோய் ஒன்றுதான், தோழரே. செடி ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். 80-க்கும் 30-க்கும் இடையிலே நிற்கும் அந்த 50 பிள்ளைகள் எங்கே போனார்கள்? மருந்து எட்டாமல் போனவர்கள் சிலர். நோய் இன்னதென்று தெரியும் முன்பே போனவர்கள் சிலர். மருந்து தொடங்கிய பிறகு, தொடர வழியின்றிப் போனவர்கள் சிலர். அந்த மூன்றாம் கூட்டத்தைப் பற்றியதே இந்த வழக்கு.

பேரையூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். தகப்பன் கட்டட வேலைக்குப் போகிறவன். தாய் விடியற்காலையிலே மல்லிகைக் காட்டுக்குப் போய்ப் பூப்பறித்து, பொழுது ஏறியதும் களையெடுக்கப் போகிறவள். ஐந்து வயது மகன். விட்டு விட்டுக் காய்ச்சல், முகம் வெளுக்கிறது, அடிபடாமலே உடலிலே கன்றிய தடம். சோகை என்கிறார் ஒருவர், கண்ணேறு என்கிறாள் பாட்டி. திருமங்கலம் போய், மதுரை போய், எலும்பு மச்சையைச் சோதித்த பிறகு தெரிகிறது, இரத்தப் புற்று என்று. தாய் கதறுகிறாள். மருத்துவர் தேற்றுகிறார்: "குணமாக்கலாம் அம்மா. ஆனால் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். நடுவிலே நிறுத்தவே கூடாது."

இனி நான் நாடகக்காரனாகப் பேச அனுமதி தாருங்கள். காட்சி: மருத்துவமனைக் காப்பீட்டு அலுவல் மேசை. ஒருபுறம் எழுத்தர், நல்ல மனிதர். மறுபுறம் அந்தத் தாய்.

"மருந்துக்கு எவ்வளவு ஆகும் ஐயா?"

"காப்பீட்டு அட்டை இருக்கிறதம்மா. நீ தர வேண்டாம்."

"படுக்கைக்கு?"

"அதற்கும் அட்டை."

"சோதனைக்கு?"

"அதற்கும்தான்."

"நானும் என் வீட்டுக்காரரும் இங்கேயே இருக்க வேண்டுமாம். எங்கள் கூலிக்கு ஐயா?"

எழுத்தர் ஏட்டைப் புரட்டுகிறார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டுகிறார். "அதற்கு இதிலே பத்தி இல்லையேம்மா!"

திரை!

அந்த அட்டையைப் பழிக்க நான் வரவில்லை. 2009-ஆம் ஆண்டு ஜூலையிலே தமிழகத்தில் உயிர்காக்கும் காப்பீட்டுத் திட்டம் பிறந்தது. 2012 ஜனவரியிலே வேறு பெயரில் விரிந்தது. 2018-இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை என்று உயர்ந்தது. எந்த ஆட்சி எந்தப் பெயர் சூட்டிற்று என்ற வழக்கைத் தேர்தல் மேடைக்கு விட்டுவிடுவோம். ஏழையின் பிள்ளைக்கு அது ஏற்றிய மருந்து மெய்யான மருந்து. ஆனால் அட்டை யாருக்கு? ஆண்டு வருவாய் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு என்பது விதி. அதாவது, மாதம் 10,000 ரூபாயிலே காலம் தள்ளும் குடும்பம் இது என்று அரசே கையொப்பமிட்டுச் சான்று தருகிறது. சான்று தந்த அதே கையால், "அந்த 10,000-த்தையும் விட்டுவிட்டு வந்து கட்டிலருகே உட்கார்" என்கிறது! பிரதமரின் நிவாரண நிதி உண்டு, இராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதி உண்டு என்பார்கள். உண்டுதான். அவையும் சிகிச்சைச் செலவுக்காக மருத்துவமனையின் கணக்குக்குச் செல்லும் பணம். தாயின் கைக்கு வருவதன்று.

"உட்கார வேண்டிய அவசியம் என்ன? பாட்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமே!" என்று கேட்கும் புத்திசாலிகளும் உண்டு. அவர்களுக்கு இந்த மருத்துவத்தின் நடையைச் சொல்ல வேண்டும். முதல் மாதம் மருந்து கடுமையாகப் பாய்கிறது. அடுத்து வரும் திங்கள்களிலும் அடுக்கடுக்காக ஊசி. புற்றணுவை அழிக்கும் மருந்து, நோயை எதிர்க்கும் வெள்ளணுவையும் சேர்த்தே அழிக்கிறது. அந்நாட்களிலே நமக்குத் தும்மலாகப் போவது அந்தப் பிள்ளைக்கு எமனாக வரும். கொதித்தாறிய நீர், அப்போதே சமைத்த சோறு, கை கழுவாமல் தொடாத கை வேண்டும். காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. அந்த மணியிலேயே மருத்துவமனை வாயிலில் நிற்க வேண்டும். பேரையூர்ச் சிற்றூரிலே நள்ளிரவுக்கு மேல் பேருந்து ஏது? வாடகைக் காருக்கு அட்டை ஏது? கடுமையான கட்டம் கடந்த பிறகும் ஓய்வில்லை. நாள்தோறும் மாத்திரை, வாரந்தோறும் ஒரு மாத்திரை, குறித்த நாளிலே இரத்தச் சோதனை என்று ஓராண்டுக்கு மேல் நீளும். பிள்ளை ஓடியாடி விளையாடத் தொடங்கியிருப்பான். தலையிலே முடியும் முளைத்திருக்கும். "தேறிவிட்டானே, இனி எதற்கு?" என்று தோன்றும். வீட்டிலே அரிசி இல்லாத நாளில் அந்த எண்ணம் இன்னும் வலுவாகத் தோன்றும். தோன்றிய இடத்திலேதான் நோய் திரும்பி வருகிறது.

கணக்குப் போடுவோமா? 2025-26-ஆம் ஆண்டுக்கு, நூறு நாள் வேலைத் திட்டத்திலே தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசு குறித்த நாட்கூலி 336 ரூபாய். மாதத்துக்கு 26 நாள் வேலை என்றால் 8,736 ரூபாய். கடுமையான முதல் ஆறு திங்களுக்கு ஒருவர் கூலி மட்டும் 52,416 ரூபாய். தகப்பன் பாதி நாள் வேலைக்குப் போனால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். பேருந்துக் கட்டணம், ஆளுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு, ஊரிலே விட்டு வந்த மூத்த மகளுக்கு அரிசி என்று கூட்டிக்கொள்ளுங்கள். இந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புகிறார்கள்? முதலிலே காதுத் தோடு அடகுக்குப் போகிறது. பிறகு ஆட்டுக்குட்டி. பிறகு கந்துவட்டி. 2003-இல் சட்டம் போட்டுத் தடுத்தோம் அந்தக் கொடுமையை. பிள்ளையின் உயிரைக் கையிலே பிடித்தபடி வட்டிக்காரன் வாசலில் நிற்கிறவள் சட்டப் புத்தகத்தைக் காட்டியா கடன் கேட்பாள்? உசிலம்பட்டிச் சீமையிலே காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் மொய் எழுதி ஒரு குடும்பத்தை ஊரே தூக்கி நிறுத்தும் வழக்கம் உண்டு. அழகான வழக்கம். ஆனால் மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய கடன். இரண்டு ஆண்டு வருமானம் இழந்தவன் எந்தப் பந்தலிலே அதைத் திருப்பிச் செய்வான்? மூத்த மகள் பள்ளியை விட்டு நின்று பூக்காட்டுக்குப் போகிறாள். ஒரு பிள்ளையின் உயிருக்கு இன்னொரு பிள்ளையின் படிப்பு விலை!

இவையெல்லாம் உள்ளத்தை உருக்கும் பேச்சு, ஆதாரம் என்ன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். ஆதாரம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. பிரேசில் நாட்டின் வடகிழக்கிலே ரெசிஃபி என்றொரு துறைமுக நகரம். வறுமை மிகுந்த வட்டாரம் அது. அங்கே 1980-களில், இரத்தப் புற்று கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 16 பேர் சிகிச்சையைப் பாதியிலே விட்டுச் சென்றார்கள். நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 32 பேர். குழந்தைப் புற்றுக்கெனத் தனிப் பிரிவை வலுப்படுத்தினார்கள். மருத்துவத்தையும் தாதியர் பணியையும் செம்மை செய்தார்கள். அத்தோடு நில்லாமல் குடும்பத்துக்குத் தங்க இடம், போக்குவரத்து, உணவு, ஆதரவு என்று கொடுத்தார்கள். 1997-க்கும் 2002-க்கும் இடையே விட்டுச் சென்றவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, இருநூற்றுக்கு ஒருவர். வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 63 பேர். 2004-இல் அமெரிக்க மருத்துவ ஏட்டிலே வெளிவந்த கணக்கு இது. மருந்து ஒன்றினால் மட்டும் வந்த மாற்றமன்று என்பதைக் கவனியுங்கள்.

ரெசிஃபி தூரம் என்றால் குமுளியைத் தாண்டிப் பாருங்கள். 18 வயதுக்குட்பட்ட புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கென்றே 'கேன்சர் சுரக்ஷா' என்ற திட்டத்தைக் கேரள அரசு 2008-இல் தொடங்கியது. சுவீடனிலே கடும் நோயுற்ற பிள்ளையின் அருகே இருக்கும் பெற்றோருக்கு, இழந்த ஊதியத்தின் பெரும்பகுதியை நாள் வரம்பின்றி அரசு தருகிறது. மருத்துவம் முழுதும் இலவசமான பிரிட்டனிலேயே, புற்றுநோய்ப் பிள்ளையின் குடும்பத்துக்கு மாதம் 600 பவுண்டு கூடுதல் செலவு என்று 2016-இல் அந்நாட்டுத் தொண்டமைப்பு ஒன்று கணக்கெடுத்துச் சொன்னது. இலவச மருத்துவத்துக்கு அப்பாலும் ஒரு செலவு உண்டு என்பதைப் பணக்கார நாடும் ஒப்புக்கொள்கிறது.

இங்கே தொண்டுள்ளங்கள் இல்லாமல் இல்லை. 1976-இல் மருத்துவர் வேங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையிலே தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், விழித்திரைப் புற்று கண்ட குழந்தைகளின் சிகிச்சைக்கென 'ரிங் ஆஃப் ஹோப்' என்றொரு நிதி அமைந்தது. (விளக்கொளியிலே குழந்தையின் கண்மணி பூனைக்கண்போல வெள்ளையாக மின்னினால் அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறவாதீர்கள்.) வெளியூரிலிருந்து வரும் குடும்பங்களைச் சிகிச்சை முடியும்வரை கட்டணமின்றித் தங்கவைக்கும் செயின்ட் ஜூட் இல்லங்கள் 2006-இல் மும்பையிலே தொடங்கி, சென்னை வரை வந்தன. தொடர்வண்டியிலே, சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியில் கட்டணமே கிடையாது. உடன் செல்பவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. மதுரையிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்குப் போகிறவளுக்கு அது பேருதவி. திருமங்கலத்திலிருந்து நகரப் பேருந்திலே வருகிறவளுக்கு?

அடையாற்று மருத்துவமனையை எழுப்பியவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1923-இல் தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரைத் தூக்கிச் சுமந்து 1954-இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை கண்டவர். புற்று வந்தவன் சாகப்போகிறவன்தானே, அவனுக்கு எதற்கு மருத்துவமனை என்று பெரிய மனிதர்கள் பேசிய காலம் அது. 1960-இல் அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு பிறந்தது. டாக்டர் சாந்தா 2021-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்து பணியாற்றினார். அந்த முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலே நம் தமிழ்நாட்டரசு இன்னொன்றையும் நடத்தி வருகிறது, தோழரே: மகப்பேறு உதவித் திட்டம். கருவுற்ற ஏழைப் பெண் வேலைக்குப் போக முடியாத நாட்களின் வருவாய் இழப்பை ஈடு செய்வது அதன் நோக்கங்களிலே ஒன்று என்று அரசே எழுதி வைத்திருக்கிறது. 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000 ரூபாய், அதன்பின் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் என வளர்ந்தது. பிள்ளை வயிற்றிலே இருக்கும்போது தாயின் கூலியிழப்பு அரசின் கண்ணுக்குத் தெரிகிறது. அதே பிள்ளை ஐந்து வயதிலே சாவோடு போராடிக் கட்டிலிலே கிடக்கும்போது, அதே தாயின் கூலியிழப்பு ஏன் தெரியவில்லை?

புதிய கொள்கை எதையும் நான் கேட்கவில்லை. காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்கென மாதம் 500 ரூபாய் என்று 2018-இல் ஒன்றிய அரசு தொடங்கி, 2024 நவம்பரிலே 1,000 ஆக்கியது. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளிலே கடற்கரைக் குடும்பங்களுக்கு நிவாரணம் தரப்படுகிறது. உழைக்க முடியாதபடி கையைக் கட்டினால் உலைக்கு வழி செய்ய வேண்டும் என்ற நீதி அது. 1920-இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியிலே நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பிள்ளைகளுக்கு உணவளித்தார். அன்று வைத்த உலைதான் காமராசர், எம்.ஜி.ஆர். காலங்களைக் கடந்து, 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையின் மாநகராட்சிப் பள்ளியிலே காலை உணவாகவும் பொங்கிற்று. ஆபுத்திரன் கதை மதுரைக்காரருக்கு அன்னியமா? தென்மதுரையின் சிந்தாதேவி கோயிலிலேதான் அவன் கையில் அமுதசுரபி வந்தது என்கிறது மணிமேகலை. பார்வையற்றோர், செவிகேளாதோர், காலிழந்தோர் என்று அவன் ஊட்டியவர் வரிசையிலே பிணியால் நடுங்குவோரும் பேணுவார் அற்றோரும் இருக்கிறார்கள். தேவதை தந்ததை நான் நம்பவில்லை. அந்த வரிசையை எழுதிய புலவனின் நெஞ்சை நம்புகிறேன்.

"பணம் எங்கே?" என்பார் நிதித்துறையார். புற்றுநோயாளிகள் நூறு பேரை எடுத்தால் 14 வயது வரையுள்ள குழந்தைகள் ஏறத்தாழ நால்வர்தான். கூட்டம் சிறிது, கருவூலம் கவிழாது. "ஏமாற்றுவார்களே!" என்பார் வேறொருவர். எலும்பு மச்சைச் சோதனையிலே ஏமாற்றக் கற்றவன் எவன்? தமிழ்நாடு முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. மருத்துவமனை வருகைப் பதிவு இருக்கிறது. குறித்த நாளிலே பிள்ளை சிகிச்சைக்கு வந்தால் அந்த மாதத் தொகை. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்டு ஆள் அனுப்ப அதுவே அழைப்பு மணி.

ஆகவே, நோய் இன்னதென்று உறுதியான அன்றே தாயின் வங்கிக் கணக்கிலே முதல் மாதத் தொகை விழ வேண்டும். கடுமையான கட்டம் முடியும்வரை ஒருவரின் முழுக் கூலி, அதாவது அந்த 8,736 ரூபாய். மாத்திரைக் காலத்திலே அதில் பாதி. விண்ணப்பத்துக்கென்று வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலையவிடாமல், காப்பீட்டு மேசையிலேயே அதை எழுதி முடிக்க வேண்டும். பாலரெங்காபுரத்தின் அருகே, அடுப்படியும் தூய நீரும் கொண்ட தங்கும் இல்லம் ஒன்று. பிள்ளையோடு வருபவர்க்கு மாவட்டப் பேருந்துகளிலே கட்டணமில்லாச் சீட்டு. இவற்றைச் சட்டமன்றத்திலே எழுப்ப வேண்டும் என்பது இந்த ஏட்டின் கோரிக்கை. சட்டமன்றத்திலே எழும் முன்பு ஊரிலே எழ வேண்டும். மேலூரிலும் வாடிப்பட்டியிலும் சோழவந்தானிலும் உள்ள தோழர்கள் அடுத்த கிராமசபைக் கூட்டத்திலே இதைத் தீர்மானமாக முன்மொழியுங்கள். உங்கள் ஊரிலே இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அந்த வீட்டுக்குப் போங்கள். பழத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். எத்தனை நாள் கூலி போயிற்று, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, பள்ளியை விட்டு நின்ற பிள்ளை உண்டா என்று கேட்டு, பெயரை மட்டும் விட்டுவிட்டுக் கணக்கை எழுதி இந்த ஏட்டின் முகவரிக்கு அனுப்புங்கள். அடுத்த நிதிநிலை அறிக்கைக் கூட்டத்திலே அவற்றைப் படிக்க நம் தோழர்கள் இருக்கிறார்கள்.